மன்னித்துவிட்டால் போதாதா? சிலுவை, பலி, கடவுளின் நீதி: ஓர் எளிய அறிமுகம்

"இயேசு உங்கள் பாவங்களுக்காக மரித்தார்" என்ற வரியைச் சுவரிலோ, வேன் கண்ணாடியிலோ, பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்படும் துண்டுப்பிரதியிலோ பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பார்த்த பலருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான். நான் செய்த தப்புக்கு அவர் ஏன் சாக வேண்டும்? கடவுள் என்றால், "சரி, மன்னித்துவிட்டேன், போ" என்று சொல்லிவிட வேண்டியதுதானே? நடுவில் ரத்தம் எதற்கு?

கிறிஸ்தவத்துக்கு வெளியே நிற்பவர்கள் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல இது. 900 ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவி தன் குருவிடம் இதைவிடக் காட்டமாகவே கேட்டிருக்கிறார். அவரிடம் பிறகு வருவோம். இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ இறையியல் காலம்காலமாகச் சொல்லிவந்த பதில்களுக்குத்தான் மொத்தமாகப் பாவநிவாரணக் கோட்பாடு என்று பெயர். பாவநிவிர்த்தி, கிருபாதாரபலி, பாவக்கழுவாய், ஒப்புரவு, மீட்பு என்று சபைக்குச் சபை வேறு வேறு சொற்களும் புழங்குகின்றன.

பதில்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கி.பி. 325இல் தொடங்கி 381இல் முழு வடிவம் பெற்ற நிசேயா விசுவாசப் பிரமாணம் என்னும் நம்பிக்கை அறிக்கை, கிறிஸ்து யார் என்பதைச் சொல் சொல்லாகச் செதுக்கி வரையறுக்கிறது. அவருடைய சாவு மனிதனை எப்படிக் காப்பாற்றுகிறது என்ற இடத்தில் மட்டும், "நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. திருச்சபைத் தலைவர்கள் கூடி முடிவெடுத்த முதல் ஏழு பொதுச் சங்கங்களில் எதுவும் இந்த விளக்கம்தான் சரி, மற்றவை தவறு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகவே ஞாயிறு பிரசங்கத்தில் கேட்கும் ஒரே விளக்கம்தான் கிறிஸ்தவத்தின் முழுப் பதில் என்று நினைத்துவிட வேண்டாம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. எந்த விளக்கத்தைப் படித்தாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்? இதில் கோட்டைவிட்டால் மொத்தக் கோட்பாடும் கோபக்காரக் கடவுளுக்கு நரபலி கொடுத்த கதையாகத் தெரியும். பல பிரசங்கங்களில் அப்படித்தான் ஆகியும்விடுகிறது.

இரண்டு ஆடுகள்

சிலுவையைப் புரிந்துகொள்ள முதலில் எருசலேம் ஆலயத்துக்குப் போக வேண்டும். யூதர்களின் ஆண்டில் மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர் எனப்படும் பாவநிவிர்த்தி நாள். அதன் சடங்கு பைபிளின் பழைய ஏற்பாட்டில், லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் விரிவாக இருக்கிறது. பிரதான ஆசாரியர் பொன்வேலைப்பாடுள்ள உடையைக் கழற்றிவைத்துவிட்டு எளிய சணல்நூல் உடையை அணிவார். முதலில் தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும் ஒரு காளையைப் பலியிடுவார், அவரும் பாவிதான். அப்புறம் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களைக் கொண்டுவந்து நிறுத்தி, சீட்டுப் போடுவார். ஒன்று கர்த்தருக்கு, மற்றது போக்காடு.

கர்த்தருக்கென்று சீட்டு விழுந்த ஆடு அறுக்கப்படும். அதன் ரத்தத்தை ஆசாரியர் திரைக்கு அப்பால், மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோவார். ஆண்டில் அந்த நாளில் மட்டும், அவர் ஒருவர் மட்டும் அங்கே நுழையலாம். தூபப்புகை சூழ்ந்திருக்க, உடன்படிக்கைப் பெட்டியின் பொன்மூடியான கிருபாசனத்தின் மீதும் அதற்கு முன்பாகவும் ரத்தத்தை விரலால் தெளிப்பார். இயேசு வாழ்ந்த காலத்து ஆலயத்தில் அந்தப் பெட்டியே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பாபிலோனியர் முதல் ஆலயத்தை அழித்த பிறகு அது திரும்பி வரவேயில்லை. வெறுமையான அந்த அறையின் தரையில் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு கல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது என்றும், தூபக்கலசத்தை அதன்மேல்தான் வைப்பார்கள் என்றும் மிஷ்னா என்னும் யூத மரபுத் தொகுப்பு சொல்கிறது.

இரண்டாவது ஆட்டைக் கொல்வதில்லை. ஆசாரியர் தன் இரு கைகளையும் அதன் தலையில் வைத்து, மக்களுடைய எல்லா அக்கிரமங்களையும் அறிக்கையிட்டு, ஓர் ஆளிடம் ஒப்படைத்து வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார். மிஷ்னா இன்னும் கொஞ்சம் விவரம் தருகிறது. இரண்டு ஆடுகளும் நிறத்திலும் உயரத்திலும் விலையிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றாகவே வாங்கப்பட வேண்டும். போக்காட்டின் தலையில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டுவார்கள். பிற்கால வழக்கத்தில் அதை ஒரு செங்குத்தான பாறையிலிருந்து தள்ளிவிட்டார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். மக்களின் பாவத்தைச் சுமக்கும் ஆடு எது? அறுக்கப்பட்டது இல்லை; உயிரோடு துரத்தப்பட்டதுதான். அறுக்கப்பட்ட ஆட்டின் ரத்தம் தண்டனையாகச் சிந்தப்படவில்லை. பாவத்தால் தீட்டுப்பட்ட புனித இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யத்தான் அது தெளிக்கப்படுகிறது. மனிதனுக்கு விழ வேண்டிய வெட்டு ஆட்டின் கழுத்தில் விழுந்தது என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் அப்படி ஒரு வாக்கியம் அதில் இல்லை.

அடுத்த அதிகாரம் இன்னும் முக்கியமானது. ரத்தத்தில் உயிர் இருக்கிறது, அதனால்தான் அது பாவநிவிர்த்தி செய்கிறது என்று சொல்லும் இடத்தில், பேசுபவர் கடவுள். அந்த ரத்தத்தைப் பலிபீடத்துக்காக உங்களுக்குத் தந்தது நான் என்கிறார். பசித்த தெய்வத்துக்கு மனிதன் எதையோ கொடுத்துச் சமாதானப்படுத்தும் காட்சியாக வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உள்ளே கொடுக்கும் கை கடவுளுடையதாக இருக்கிறது.

ரத்தம் இல்லாமல் மன்னிப்பே இல்லை என்பதும் அவ்வளவு கறாரான சட்டம் அல்ல. ஆட்டுக்கு வசதியில்லாதவர் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம்; அதற்கும் வழியில்லாத ஏழை கொஞ்சம் மாவைக் கொண்டுவந்தால் அதுவே பாவநிவாரண பலி என்கிறது லேவியராகமம் 5ஆம் அதிகாரம். "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்ற புகழ்பெற்ற எபிரெயர் வசனம்கூட "ஏறக்குறைய" என்று சொல்லித்தான் தொடங்குகிறது. அதுபோல, துணிந்து செய்த பாவத்துக்கு வழக்கமான பாவநிவாரண பலி எதையும் மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் சொல்லவில்லை. அறியாமல் செய்ததற்கே அது. தாவீது இன்னொருவன் மனைவியைக் கவர்ந்து, அவனையும் கொல்லவைத்த பிறகு பாடியதாகச் சொல்லப்படும் 51ஆம் சங்கீதத்தில், பலியை நீர் விரும்புவதில்லை, நொறுங்குண்ட இதயம்தான் பலி என்று வருவதன் பின்னணி இதுதான்.

கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை எரித்தார்கள். பலிகள் நின்றுபோயின. யோம் கிப்பூர் நிற்கவில்லை. நோன்பும் ஜெபமும் மனந்திரும்புதலுமாக யூதர்கள் இன்றும் அதை அனுசரிக்கிறார்கள். பலி இல்லாவிட்டால் யூத மதத்துக்கு வழியே இல்லை என்று எழுதும் கிறிஸ்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

ஒரு சாவு, பல உருவகங்கள்

இயேசு யோம் கிப்பூர் அன்று சாகவில்லை, பஸ்காவை ஒட்டிச் செத்தார். பஸ்கா ஆட்டுக்குட்டி பாவநிவாரண பலி அல்ல. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான இரவின் அடையாளம் அது. ஆனாலும் புதிய ஏற்பாட்டு எழுத்தாளர்கள் இரண்டையும் கலந்தே பேசுகிறார்கள். பவுல் ஓரிடத்தில் கிறிஸ்துவை நம் பஸ்கா என்கிறார். ரோமர் 3ஆம் அதிகாரத்தில் கிருபாதாரபலி என்கிறார். எபிரெயர் நிருபம் அவரைப் பிரதான ஆசாரியராகவும் பலியாகவும் ஒருசேரக் காட்டுகிறது. மாற்குவில் இயேசுவே, அநேகரை மீட்கும்பொருளாகத் தன் உயிரைக் கொடுக்க வந்ததாகச் சொல்கிறார். அது அடிமைச் சந்தையின் பேச்சு. இவற்றுக்குப் பின்னால் ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் துன்புறும் ஊழியன் நிற்கிறான்: "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டார்."

ஆலயம், நீதிமன்றம், சந்தை, போர்க்களம் என நான்கு இடங்களிலிருந்து உருவகங்கள் வருகின்றன. ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கடைசிவரை இழுத்துப்போனதால் வந்த சிக்கல்கள்தான் இந்தக் கோட்பாட்டின் வரலாற்றில் பாதி.

சந்தை உருவகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மீட்கும்பொருள் என்றால் அதை யாரிடம் கொடுத்தார்கள்? பாவம் செய்த மனிதன் பிசாசின் பிடியில் இருந்தான், ஆகவே பிசாசிடம்தான் என்றார் 3ஆம் நூற்றாண்டின் ஓரிகன். அடுத்த நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி இதைச் சுவையான கதையாகவே ஆக்கினார்: மனித உடல் என்ற இரைக்குள் தெய்வத்தன்மை என்ற தூண்டில்முள் மறைந்திருந்தது, பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டான். அவருடைய நண்பர் நசியான்சின் கிரகோரிக்கு இது பிடிக்கவில்லை. கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுப்பதா, என்ன அவமானம் என்று கேட்டார். சரி, பிதாவிடம் கொடுத்ததாகச் சொல்லலாமா? அவர் நம்மைச் சிறைபிடித்து வைத்திருக்கவில்லையே, பிறகு எதற்கு அவருக்கு விலை என்று அதையும் மறித்தார்.

அதே காலத்தில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். மனிதன் மனந்திரும்பினால் போதும் என்பதை அவர் நேரடியாகவே எடுத்துப் பேசுகிறார். தப்பு மட்டும் நடந்திருந்தால் மனந்திரும்புதல் போதும். ஆனால் தப்போடு அழிவும் மனிதனுக்குள் புகுந்துவிட்டதே, மன்னிப்பு கேட்டால் சாவு விலகிவிடுமா என்பது அவர் வாதம். உயிரின் ஊற்றான கடவுளே சாகக்கூடிய உடலை எடுத்து, சாவுக்குள் போய், உள்ளிருந்து அதை உடைக்க வேண்டியிருந்தது என்கிறார். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஈஸ்டர் இரவில் இன்றும் பாடுவது இதையே: சாவினால் சாவை மிதித்தார். இங்கே நீதிமன்றமும் இல்லை, கட்டணமும் இல்லை. 1930களில் சுவீடன் நாட்டு இறையியலாளர் குஸ்தாவ் அவுலேன் இந்த வெற்றிப் பார்வையை மேற்குலகத்துக்கு மறுபடி ஞாபகப்படுத்தினார்.

அன்சல்மும் போசோவும்

நாம் இன்று கேட்கும் "நீதி" மொழிக்கு மூலம் 11ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. கேன்டர்பரி பேராயர் அன்சல்ம், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் வில்லியமோடு மோதிக்கொண்டு நாட்டை விட்டு வெளியேறி, இத்தாலியில் தங்கியிருந்தபோது 1098இல் ஒரு நூலை முடித்தார். "கடவுள் ஏன் மனிதர் ஆனார்" என்பது அதன் தலைப்பு. உரையாடலாக அமைந்த நூல். கேள்வி கேட்பவர் அவருடைய மாணவர் போசோ. முதலில் நான் குறிப்பிட்ட துறவி.

போசோ லேசுப்பட்டவர் இல்லை. பாவியைத் தப்புவிக்க நிரபராதியைத் தண்டிக்கும் மனிதனை நாம் குற்றவாளி என்போமே, கடவுள் அதையே செய்தால் அது என்ன நீதி என்று முதல் பாகத்திலேயே கேட்டுவிடுகிறார். பிசாசுக்கு மனிதன்மேல் உரிமை உண்டு என்ற பழைய பேச்சையும் அங்கேயே தள்ளிவிடுகிறார்கள். திருடனுக்கு என்ன உரிமை?

பிறகு அன்சல்ம் மெதுவாகக் கட்டத் தொடங்குகிறார். படைக்கப்பட்டவன் தன் விருப்பத்தைப் படைத்தவருக்குக் கீழ்ப்படுத்த வேண்டும். அதுதான் அவன் செலுத்த வேண்டிய மரியாதை. அதைச் செலுத்தாததே பாவம். சும்மா மன்னித்துவிட்டால் என்ன? பாவம் செய்தவனும் செய்யாதவனும் கடவுள்முன் ஒன்றாகிவிடுவார்கள், அநீதிக்கு எந்தச் சட்டமும் இல்லாமல் போய்விடும் என்கிறார். கடவுளுடைய கௌரவத்துக்குக் குறை வந்துவிடும் என்பதல்ல அவர் பயம். அது யாராலும் குறைக்க முடியாதது என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். கெட்டுப்போவது உலகத்தின் ஒழுங்கு. பிரபுவின் கௌரவத்தைச் சுற்றியே சமூகம் கட்டப்பட்டிருந்த காலத்தவர் அவர். அவர் சொற்களில் அந்த வாசனை அடிக்கத்தான் செய்யும்.

போசோ விடுவதில்லை. மனந்திரும்புதல், நொறுங்கிய இதயம், நோன்பு, உழைப்பு எல்லாவற்றையும் கடவுளுக்குக் கொடுக்கலாமே என்கிறார். நீ பாவமே செய்யாமல் இருந்தாலும் அதெல்லாம் அவருக்குக் கொடுக்க வேண்டியதுதானே, ஏற்கெனவே கட்ட வேண்டியதைக் கட்டினால் பழைய பாக்கி எப்படித் தீரும் என்று மடக்குகிறார் குரு.

அடுத்து வருவது அந்த நூலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். கடவுள்முன் நீ நிற்கிறாய் என்று வைத்துக்கொள் என்கிறார் அன்சல்ம். ஒருவன் உன்னிடம், "அந்தப் பக்கம் பார்" என்கிறான். கடவுள், "பார்க்காதே, எனக்கு விருப்பமில்லை" என்கிறார். ஒரே ஒரு பார்வைதான். அதற்காகக் கடவுளின் விருப்பத்தை மீறலாமா? கூடாது என்கிறார் போசோ. நீ பார்க்காவிட்டால் உலகமே அழிந்துவிடும் என்றால்? போசோ திணறுகிறார். யோசித்துவிட்டு, அப்போதும் கூடாது என்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது என்கிறார். அப்படியானால் ஒரு சின்னப் பார்வையின் எடைகூட உலகத்தைவிட அதிகம். இனி அதை ஈடுகட்ட மனிதன் எதைக் கொண்டுவருவான்? "பாவத்தின் கனம் எவ்வளவு என்று நீ இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை" என்று அதே அதிகாரத்தில் குரு சொல்வது இறையியல் உலகில் பழமொழிபோல ஆகிவிட்ட வரி.

இங்கிருந்து முடிவுக்கு ஓரடிதான். ஈடுகட்ட வேண்டியவன் மனிதன். கட்டும் வல்லமை கடவுளுக்கு மட்டும்தான். ஆகவே கட்டுபவர் கடவுளாகவும் மனிதராகவும் இருக்க வேண்டும். பாவமில்லாத அவர் சாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கடமையாக இல்லாததை விருப்பத்தோடு கொடுத்ததால், அது கடனுக்கு மேலான கொடையாகிறது. அதற்குரிய கைம்மாறு அவருக்குத் தேவையில்லை. மனிதருக்கு அதை விட்டுக்கொடுக்கிறார்.

ஒன்றை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அன்சல்மின் சூத்திரம் "ஈடு, இல்லையேல் தண்டனை." ஈடு கட்டப்பட்டதால் தண்டனை தேவைப்படவில்லை. சிலுவையில் பிதா மகனைத் தண்டித்தார் என்று அவர் சொல்லவே இல்லை. அவரைத் திட்டுபவர்களும் புகழ்பவர்களும் இந்த வித்தியாசத்தை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த தலைமுறையில் பாரிஸின் பீட்டர் அபேலார்டு (1079-1142) வேறு ராகம் பாடினார். கிறிஸ்துவின் சாவில் வெளிப்பட்ட அன்புதான் நம் இதயத்தைத் திருப்புகிறது, பயத்தால் செய்ததை இனி அன்பால் செய்யவைக்கிறது என்றார். கிளெர்வோவின் பெர்னார்டு கடுமையாக எதிர்த்தார். வேறு பல குற்றச்சாட்டுகளோடு இதுவும் சேர்ந்து அபேலார்டு சென்ஸ் நகரச் சங்கத்தில் கண்டிக்கப்பட்டார். தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் நடுவழியைப் பிடித்தார். கடவுள் வேறு வழியிலும் மன்னித்திருக்கலாம், கட்டாயம் ஏதும் இல்லை. ஆனால் இந்த வழியே மிகப் பொருத்தம் என்பது அவர் முடிவு. "ஏன் சும்மா மன்னிக்கக் கூடாது" என்ற கேள்விக்குப் பொறுமையான பதில் இதுவென்பேன்.

பிலாத்துவின் தீர்ப்பு

தண்டனை என்ற சொல் நடுமேடைக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்டுச் சீர்திருத்தத்தில். ஜான் கால்வின் ஆர்லியன்ஸிலும் பூர்ஜிலும் சட்டம் படித்தவர். 1536இல் முதலில் வெளியாகி 1559இல் இறுதி வடிவம் பெற்ற தன் பெருநூலில் அவர் கவனிக்கும் ஒரு விவரம் சட்டம் படித்தவருக்கே தோன்றக்கூடியது. இயேசு கொள்ளைக்காரர்கள் கையிலோ கலவரத்திலோ கொல்லப்பட்டிருந்தால் போதாது என்கிறார். நீதிபதி ஒருவர் முன் நிறுத்தப்பட்டு, சாட்சிகளால் குற்றம் சாட்டப்பட்டு, தீர்ப்பு வாங்கிச் சாக வேண்டும். அப்போதுதான் அவர் குற்றவாளியின் இடத்தில் நின்றார் என்று ஆகும். அதே நீதிபதி, இவரிடம் குற்றம் காணவில்லை என்றும் சொல்கிறார். அப்போதுதான் அவர் தன் குற்றத்துக்காக அல்ல, பிறர் குற்றத்துக்காகச் செத்தார் என்று ஆகும். விசுவாசப் பிரமாணத்தில், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயர் ஏன் இருக்கிறது என்று கேட்பவர்களுக்குக் கால்வின் இப்படி ஒரு பதில் வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டு மேடைகளில் பெரிய வெள்ளியன்று, "உனக்கு வர வேண்டிய தண்டனை அவர்மேல் விழுந்தது" என்று கேட்கிறோமே, அது இந்த வழியாக வந்ததுதான்.

இதற்கு மிகக் கூர்மையான எதிர்ப்பு ஃபவுஸ்தோ சோசினஸ் என்ற இத்தாலியரிடமிருந்து வந்தது. 1578இல் எழுதி 1594இல் அச்சேறிய நூலில். கடனைக் கட்டிவிட்டால் அது மன்னிப்பு இல்லை. மன்னித்துவிட்டால் கட்டத் தேவையில்லை. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வீர்கள் என்றார். பணத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம், குற்றத்துக்கான தண்டனையை ஆள் மாற்றி அனுபவிக்க முடியாதே என்றும் கேட்டார். அவருக்குத் துணையாக வேதத்திலேயே எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் இருக்கிறது: பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்று கேட்டு வளர்ந்த நமக்கு எசேக்கியேல் அந்நியமாகத் தெரியமாட்டார். செய்த வினையை அவரவர்தான் அனுபவிக்க வேண்டும் என்பது இங்கே ஊறிப்போன நியாயம்; அந்த மண்ணிலிருந்து பார்த்தால் சோசினஸ் பக்கம் சாயத்தான் தோன்றும்.

ஹாலந்து சட்ட அறிஞர் ஹூகோ குரோஷியஸ் 1617இல் ஒரு சமரசம் சொன்னார். கடவுளை நீதிபதியாக அல்ல, ஆட்சியாளராகப் பாருங்கள். ஆட்சியாளர் சட்டத்தைத் தளர்த்தலாம், ஆனால் சட்டம் விளையாட்டல்ல என்று காட்டவும் வேண்டும் என்றார். கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் சிலுவை ஒரு எச்சரிக்கைப் பலகையாகச் சுருங்கிவிடுகிறது.

மூன்றாமவர் இல்லை

சரி, சோசினஸுக்குப் பதில் உண்டா? இங்கேதான் ஆரம்பத்தில் கையில் கொடுத்த கேள்வி உதவும்.

நண்பருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கடன் கொடுத்தீர்கள். அவரால் திருப்பித் தர முடியவில்லை. "சரி விடு, தர வேண்டாம்" என்கிறீர்கள். அவருக்கு அது இலவச மன்னிப்பு. ஆனால் ஐம்பதாயிரம் காற்றில் கரைந்துவிடவில்லை. நட்டத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். மன்னிப்பும் செலவும் இங்கே எதிரெதிர் அல்ல. மன்னிப்பவரே செலவை ஏற்கிறார். நட்டத்தை வேறு யாரோ ஒரு அப்பாவியிடம் வசூலித்துவிட்டு, நான் மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் சொன்னால்தான் அது அநியாயம்.

கிறிஸ்தவக் கோட்பாட்டில் இயேசு அந்த மூன்றாவது ஆள் அல்ல. பிதா, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவ நம்பிக்கையின்படி மகனும் அதே கடவுள்தான். கோபமாக ஒரு பிதா, இரக்கமாக ஒரு மகன், நடுவில் ஒரு பேரம் என்று படம் போட்டால் அது திரித்துவ நம்பிக்கையோடு ஒட்டாத படம். பவுல் எழுதும்போது, கிறிஸ்துவுக்குள் கடவுள் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறார். கடவுளை உலகத்தோடு யாரோ சமாதானப்படுத்தினார்கள் என்று புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. யோவானில் இயேசு, என் உயிரை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை, நானே கொடுக்கிறேன் என்கிறார். லேவியராகமத்தில் பலிபீடத்துக்கான ரத்தத்தைத் தந்ததாகச் சொன்ன அதே கை.

ஆள் மாற்றிய தண்டனை என்ற குறைக்கு இன்னொரு பதிலும் உண்டு. பவுல் பேசுவது பரிமாற்றத்தைவிட ஒன்றிணைவைப் பற்றி. ஞானஸ்நானத்தில் நாம் கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்பட்டோம், அவரோடு எழுந்தோம் என்பார். அவர் செத்தார், ஆகவே நான் சாக வேண்டாம் என்பதல்ல. அவர் சாவில் எனக்கும் பங்கு, பழைய நான் அங்கே முடிந்தான் என்பதே அவர் கணக்கு. மேடைகளில் இது குறைவாகவே கேட்கிறது, சொல்வது கடினம் என்பதால் இருக்கலாம்.

இந்தப் பதில்களால் சண்டை ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை 2013இல் புதிய பாட்டுப்புத்தகம் தயாரித்தபோது, உலகமெங்கும் பாடப்படும் ஒரு நவீனப் பாட்டில் சிலுவையில் கடவுளின் கோபம் தணிந்தது என்று வரும் வரியை, கடவுளின் அன்பு பெருகியது என்று மாற்றக் குழு விரும்பியது. எழுதியவர்கள் சம்மதிக்கவில்லை. பாட்டே புத்தகத்தில் இடம்பெறாமல் போனது. பெண்ணிய இறையியலாளர்கள் 1980களின் இறுதியிலிருந்து இன்னும் கடுமையாகக் கேட்டுவருகிறார்கள்: வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம், இயேசு சுமந்ததுபோல நீயும் சும என்று சொல்லும் சபைக்கு இந்தக் கோட்பாடு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறது? கோட்பாட்டைச் சரியாகச் சொன்னால் இந்தக் குறை நீங்கும் என்று பதில் வருகிறது. எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. தப்பாகச் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் கோட்பாட்டைச் சொல்பவருக்கு அதற்கேற்ற ஜாக்கிரதையும் வேண்டும்.

கோபம் என்ற சொல்லை ஒரேயடியாகத் தூக்கிவிடவும் நான் தயங்குவேன். அநியாயத்தைப் பார்த்து எதுவுமே தோன்றாத கடவுளிடம், அடிபட்டவர்கள் முறையிட என்ன இருக்கிறது?

அந்த அடிபட்டவர்கள் இந்த விவாதங்களில் எங்கே என்பதையும் தொடக்கநிலை வாசகர் கேட்டுப் பார்க்கலாம். அன்சல்மும் கால்வினும் பாவத்தைப் பெரும்பாலும் மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள கணக்காகவே எழுதினார்கள். பழைய சட்டம் அப்படி விடவில்லை. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின்படி, அயலானை ஏமாற்றியோ பறித்தோ எடுத்தவன் முதலில் முழுத் தொகையையும் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிச் சொந்தக்காரனிடம் கொடுக்க வேண்டும். ஆசாரியரிடம் ஆட்டுக்கடா போவது அதோடு சேர்த்துத்தான். மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவிலான குற்றத்தை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும்வரை யோம் கிப்பூரும் நீக்காது என்று மிஷ்னாவும் சொல்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயுவில் இயேசு சொல்வது அந்த மரபிலேயே வருகிறது. அவர் எரிகோவில் வரி வசூலிக்கும் சகேயு வீட்டுக்குள் போனபோது, சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் தருகிறேன் என்றான். இந்த வீட்டுக்கு இன்று இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.